டேப்பெட் சத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் என் புருஷனை விட்டுப் போவதாக இருந்தேன். அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. வேறு ஊரில் அவள் வீட்டு மாடி அறை காலியாகக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் என் சம்பளத்தில் வாங்கியது, அதிலேயே போய்விடலாம் என்று திட்டம். இவரிடம் மட்டும், "அக்காவோட கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று பொய் சொல்லியிருந்தேன்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். இவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறார். ஆனால் நான் பேசினால் பதில் வராது. தொண்டை கிழியக் கத்தினாலும் அடுத்த அறையிலிருந்து ஒரு முனகல்கூட வராது. எதிரே போய் நின்று பேசினால் சிரித்துக்கொண்டே "ம்" என்பார். எதற்கெடுத்தாலும் "ம்"தான். குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர் என்று அலறியதற்கும் அதே "ம்". ஒரு வருஷமாக இந்தக் கூத்து. மனுஷிக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும்? நான் இவருக்கு வேண்டாதவளாகிவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஊருக்குப் போகிறேன் என்றதும் இவர் செய்த முதல் காரியம், ஃபீலர் கேஜ் வாங்கி வந்ததுதான்.

"அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போற. வால்வு கேப் பார்த்துக் குடுத்துடறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விசிறி போல விரியும் அந்த மெல்லிய தகடுகளை வைத்து அளப்பவர்களை இவர் எப்படியெல்லாம் கிண்டல் செய்திருக்கிறார்! இவர் பாட்டுக்கு ஸ்க்ரூவைத் திருகுவார், வண்டியைக் கிளப்பித் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார், "சரியா இருக்கு" என்பார். முடிந்தது வேலை.

"என்னங்க, பெரிய மனுஷர் கீழ இறங்கி வந்துட்டீங்களா?" என்றேன். இவர் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். அதனால் ஞாயிறு காலையில் எழுந்ததும் எங்கள் கட்டடத்தின் பின்கட்டில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தோம். சீட்டையும் டேங்கையும் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். எஞ்சின் தலையில் இருந்த இரண்டு சின்ன மூடிகளைத் திறந்தார்.

உள்ளே இரண்டு வால்வுகள். ஒவ்வொன்றையும் ராக்கர் என்கிற ஒரு சின்ன இரும்புக் கை அமுக்கும். கைக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். கூடிப் போனால் கடகடவென்று அடிக்கும், அதுதான் டேப்பெட் சத்தம்; குறைந்து போனால் வால்வே கருகிவிடும். எஞ்சினை ஸ்பேனரால் சுற்றி, அதில் போட்டிருக்கும் குறி மேலே வந்ததும் அளக்க வேண்டும். அந்தக் குறிதான் ஏமாற்றுக்காரக் குறி. ஒரு சுற்றில் வால்வுகள் மூடியிருக்கும்போது வரும், அடுத்த சுற்றில் லேசாகத் திறந்திருக்கும்போதும் வரும். மூடியிருக்கும்போது தொட்டால் ராக்கர் லேசாக ஆடும், அதுதான் அடையாளம். எல்லாம் இவர் ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசியபோது சொல்லிக் கொடுத்தது.

நான் குனிந்து ஸ்பேனரைச் சுற்றினேன். இவர் குறியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"நிறுத்து. ராக்கர் ஆடுதா பாரு."

தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. "இல்லங்க, இன்னொரு சுத்து சுத்தணும்" என்றேன், குனிந்தபடியே.

"ம்" என்றவர், நட்டைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டார். வால்வு திறந்திருந்ததால் தகடு உள்ளே நுழையவில்லை. "அடேயப்பா, எவ்வளவு டைட்டா இருக்கு! நல்ல வேளை, பார்த்தோம்" என்று இடைவெளி விழும்வரை ஸ்க்ரூவைத் திருகு திருகென்று திருகினார்.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. இப்போதுதானே வாய்விட்டுச் சொன்னேன்? எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கெடப்போவது என் வண்டி என்பதுகூட அந்த ஆத்திரத்தில் உறைக்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி வண்டியைக் கிளப்பினார். தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். மாடி வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இவரோ துணியில் கையைத் துடைத்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"பரவாயில்லல்ல?" என்றார்.

கிண்டல் செய்கிறாரா இந்த மனுஷன்? நான் முகத்தை இறுக்கிக்கொண்டு எஞ்சினை அணைத்தேன். இவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான் போனா திரும்பி வர மாட்டேன். தெரிஞ்சுக்குங்க. இனிமே உங்களோட வாழ மாட்டேன்!"

மேலே ஜன்னல் படீரென்று மூடியது. இரண்டு மாடி தாண்டி அந்த அம்மாள் காதில் விழுந்துவிட்டது. கை எட்டும் தூரத்தில் இருந்த இவர், ஒரு ஸ்பேனரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

போய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். திரும்பியதும் அதே சிரிப்பு. "ம்" என்றார்.

"ஐயோ, உங்களுக்குக் காது கேக்கலையா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்லக் கரைந்தது.

"மெஷின் பக்கத்துலயே இத்தனை வருஷம் நின்னாச்சு. ஒரு பக்கம் சுத்தமா போயிடுச்சு. இன்னொண்ணும் போயிட்டிருக்கு. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னே தெரியாம நாளைக் கடத்திட்டேன். அதுக்குள்ள நீ போறதா முடிவு பண்ணிட்ட."

"யார் சொன்னது?"

"நீதான். அக்காகிட்ட போன்ல பேசினப்போ நான் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்? உதட்டைப் பார்த்தா பாதி புரியும். இனிமே இங்க வரப்போறதில்லன்னு சொன்ன."

இவர்தான் எதையும் காதில் வாங்குவதில்லையே என்ற தைரியத்தில் எதிரிலேயே உட்கார்ந்து பேசியவள் நான்.

"தெரிஞ்சுமா வண்டியைப் பார்த்துக் குடுத்தீங்க?"

"தனியா போற. நடுவழியில நின்னுடக் கூடாதுல்ல."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா, ஐயோ பாவம்னு இருந்துடுவ. அப்படி நீ இருக்க வேணாம்."

"பாவமா? உங்களைப் பார்த்தா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உங்களை என்ன செஞ்சாலும் தகும். ஒரு வருஷமா நான் கத்திக் கத்திப் பைத்தியக்காரி ஆயிருக்கேன். இவர் ஒத்தையா டாக்டர்கிட்ட போவாராம், ஒத்தையா வந்து சிரிச்சுக்கிட்டு நிப்பாராம். நான் எதுக்கு இருக்கேன் இந்த வீட்டுல? நான் எங்கேயும் போகல. முதல்ல இந்த மூடியைக் கழட்டுங்க, டேப்பெட் ஊரைக் கூட்டுது. ராக்கர் ஆடலன்னு சொன்னேனே, சொன்னேனே..."

அழுகையும் கோபமும் சேர்ந்து எனக்கே நான் பேசுவது விளங்கவில்லை. இவர் கண்ணைச் சுருக்கி என் உதட்டையே பார்த்தார். பிறகு எண்ணெய்க் கையால் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"மெதுவா திட்டு. ஒண்ணும் புரியல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு இவருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையாக, முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.