உள்பக்கம் தைத்த லேஸ்

மருத்துவமனையில் கொடுத்த பையை ஐரீன் சமையலறை மேசையில் கொட்டினாள். இறந்த அன்று ஸ்டெல்லா அத்தை போட்டிருந்த துணிகள். ஆண்பிள்ளைச் சட்டை, பேன்ட், தடித்த காலுறைகள். ஒரு காலுறையின் வாயை மடித்தவள் அப்படியே கண்கலங்கிப்போனாள். உள்விளிம்பு நெடுக வெள்ளை லேஸ், கைத்தையல்.

"பாருடி டெனீஸ். ஊரே சிரிக்கிற மாதிரி ஆம்பள வேஷம் போட்டுட்டுத் திரிஞ்சாளே உங்கத்தை, உள்ளுக்குள்ள ஆசை இருந்திருக்கு, பாவம்." மத்தியானமே கடைக்குப் போய் நாத்தனாரின் சவப்பெட்டிக்கு லேஸ் வைத்த இளஞ்சிவப்புக் கவுன் வாங்கி வந்துவிட்டாள்.

பாவ்லக் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் ஐரீனின் மகள் டெனீஸ். யாருக்கும் தெரியாமல் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் அன்று மாலைதான் அந்தப் பக்கத்துக்கு வந்தாள். ஐம்பதுகளில் இதே பஃபலோ நகரத்து மதுக்கடைகளில் போலீஸ் புகுந்து ஆண் உடையில் இருக்கும் பெண்களைச் சுவரோடு நிறுத்தும். உடம்பில் பெண்கள் துணி குறைந்தது மூன்று உருப்படி இருக்க வேண்டும். குறைந்தால் வண்டியில் ஏற்றுவார்கள், வண்டிக்குள் அடிப்பார்கள், அடித்ததோடும் விட மாட்டார்கள். அதனால் காலுறைக்குள் லேஸ் தைத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு துணியாகக் கணக்கில் சேரும். மழை பெய்தது என்பதுபோலச் சாதாரணமாக எழுதியிருந்தான், புத்தகம் எழுதிய பாவி. டெனீஸ் காலுறையை எடுத்துப் பார்த்தாள். லேஸ் புதுசு. போலீஸ் அப்படி நிறுத்துவது ஓய்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தை லேஸ் தைப்பதை விடவில்லை.

அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"இது ஆசை இல்லம்மா. பயம். அந்தக் கவுன அவளுக்குப் போடாத."

ஐரீனின் இஸ்திரிப்பெட்டி நின்றது. "ஒரு தடவ உங்கப்பா அவள ரத்தத்தோட கூட்டிட்டு வந்தாரு. முன்பல்லு ரெண்டு இல்ல. படியில விழுந்துட்டாள்னு சொன்னாரு." கொஞ்ச நேரம் கவுனையே பார்த்திருந்தாள். பிறகு கழுத்துச் சுருக்கத்தை நீவிவிட்டு அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்தினாள். "ஃபாதர் வருவாரு. உங்கப்பா வேலை பாத்த ஆலை ஆளுங்க வருவாங்க. செத்தும் எங்கள சந்தி சிரிக்க வைக்கணுமா அவ? நாலு எழுத்து படிச்சிட்டா போதும், பெத்தவளுக்கே பாடம் எடுக்க வந்துடுவீங்க."

மறுநாள் சவ அடக்க இல்லத்தில் முதல் ஒரு மணி நேரம் குடும்பத்தாருக்கு மட்டும் என்று ஐரீன் சொல்லிவைத்திருந்தாள். உள்ளே அத்தை இளஞ்சிவப்பில் கிடந்தாள், உதட்டில் சாயம். டெனீஸ் திரும்பி வாசலுக்கு வந்தாள்.

வெளியே கார்களுக்கு நடுவே லொரெய்ன் நின்றிருந்தாள். அத்தையோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் முப்பது வருஷம் வாழ்ந்தவள். கையில் ஹேங்கரில் தொங்கும் அத்தையின் கருநீலக் கோட்டு சூட்டு.

"உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும் கண்ணு. இத மட்டும் குடுத்துடு. என்ன போட்டிருக்காங்க அவளுக்கு?"

டெனீஸ் ஒருதரம் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"கதவச் சாத்துடி, குளிருது!" உள்ளிருந்து ஐரீன்.

டெனீஸ் கதவை முதுகால் தள்ளித் திறந்தபடியே நின்றாள். பனி விழ ஆரம்பித்திருந்தது. லொரெய்ன் ஹேங்கரில் தொங்கிய கோட்டின் தோள்களில் விழுந்த பனியைப் புறங்கையால் தட்டிவிட்டாள். மறுபடி விழுந்தது. மறுபடி தட்டினாள்.