பினாங்கில் இருந்த இரண்டு மாதம்

ஐயாவு பினாங்கில் இரண்டு மாதம் இருந்தவன் என்பது கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். அவனேதான் சொல்லியிருந்தான். ஒரு தடவையா, இரண்டு தடவையா? பால்வெட்டு முடிந்து லயத்து வீட்டு வாசலில் நாலு பேர் கூடினால் போதும், பேச்சிலேயே பினாங்குத் தெருவில் ஓடும் திராம் வண்டியில் ஏறிவிடுவான். மணிக்கூண்டருகே இறங்கிக் கடற்காற்று வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான்.

உண்மை வேறு. ஊரிலிருந்து வந்த கப்பல் அவனை நோய் பார்க்கும் முகாம் இருந்த தீவில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு வாரம் வேலிக்குள் உட்கார்ந்திருந்தான். அப்புறம் படகு, ரயில், தோட்டம். அவன் கண்ட பினாங்கெல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிந்த மலைதான். முகாம் சமையல்காரன் சொன்ன கதைகளை வைத்தே ஏழு வருடம் ஓட்டிவிட்டான். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே அளந்தான். வீரம்மா அதில் மயங்கித்தான் சம்மதித்தாள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

தோட்டத்திலேயே பிறந்த வீரம்மா கடலைப் பார்த்ததில்லை. தீபாவளி கழிந்த மறுவாரம் கங்காணியிடம் தானே பேசி இருவருக்கும் ஒரு நாள் லீவு வாங்கிவந்தாள். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்பிவிடலாம், வழிகாட்டத்தான் நீங்க இருக்கீங்களே மாமா என்றாள் புருஷனிடம்.

ஐயாவுக்கு ஒரே கவலை. பொய் வெளுத்துவிட்டால் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது? ரயில் பிறை ஸ்டேஷன் வரும்வரை சமையல்காரன் சொன்னதையெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தான். அங்கிருந்து படகில் கடலைத் தாண்டும்போது வீரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துத் தானாகச் சிரித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கரை இறங்கியதும் கூட்டம் போகிற பக்கம் நடந்தான். அதுதான் சரியான வழி என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. மணிக்கூண்டு தானாகவே எதிரே வந்து நின்றது. இதுதான் என்றான். திராம் மணியடித்துக்கொண்டு வந்தது. அதுதான் என்றான். வீரம்மா வாயைப் பிளந்தாள்.

தூறல் போட்டது. குடையை விரித்துப் பத்தடி போவதற்குள் எதிரே ஒரு வெள்ளைக்காரத் துரை. தோட்டத்தில் துரை வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அது கையும் காலும் தானாகச் செய்கிற வேலை. ஐயாவு மடக்கினான், ஒதுங்கினான். துரை போனதும் விரித்தான். உடனே இன்னொரு துரை. பினாங்கில் துரைமார்களுக்கா பஞ்சம்? கடற்கரைத் திடலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது தடவை மடக்கி விரித்ததில் இருவரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். ஈப்போவில் வாங்கிய அவளுடைய புதுச் சேலை சாயம் விட்டுக் காலெல்லாம் சிவப்பு.

திடலில் கூடை வைத்துக் கடலை விற்ற கார்த்திகேசு இந்தக் கூத்தைத் தூரத்திலிருந்தே கவனித்திருந்தான். பொட்டலத்தை நீட்டியபடி கேட்டான்.

"எந்தத் தோட்டம்ணே?"

தோட்டம் என்று எப்படித் தெரியும் என்று ஐயாவு முறைத்தான்.

"தொரையக் கண்டா குடைய மடக்குறீங்களே. இங்க யாரும் மடக்குறதில்ல. பினாங்குல ரெண்டு நாள் இருந்தவனுக்கே அது மறந்துபோயிரும் லா."

கடலையை வாயருகே கொண்டுபோன வீரம்மா அப்படியே நின்றாள். இரண்டு நாள் எங்கே, இரண்டு மாதம் எங்கே! ஐயாவுக்கு அவளை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லை. அவளைத் தனியே கூட்டிப்போய், கடலைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். தீவு, வேலி, சமையல்காரன், ஒன்றையும் விடவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க மட்டும் பாத்துட்டீங்களேன்னு நாலு வருசமா எனக்கு வயித்தெரிச்சல், மாமா. நா இல்லாம எப்படிப் பாக்கலாம்னு மனசுக்குள்ள எத்தன தடவ திட்டியிருக்கேன் தெரியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத்தான் மனசு ஆறுச்சு. வாங்க, மொதல்லேருந்து பாப்போம்."

ஏழு வருடப் பாரம் இறங்கியதில் ஐயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கூண்டை நோக்கித் திரும்பி நடந்தார்கள். இப்போது குடை அவளிடம் இருந்தது. மழை வலுத்த நேரத்தில் எதிரே ஒரு துரை வந்தார். பழக்கத்தில் ஐயாவுவின் கை குடைப்பக்கம் போனது. வீரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரித்த குடை விரித்தபடியே இருக்க, நேராக நடந்தாள். துரை விலகி வழிவிட்டார்.

படகுத்துறை வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை.