நொடிமுள் வீட்டுத் தரை

அந்தக் குளிர்காலத்தின் ஏழாவது வாரம், திங்கட்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து, நொடிமுள் வீட்டில் யார் எங்கே கால் வைத்தாலும் அந்தத் தடம் தரையிலேயே தங்கிவிட்டது. மாவில் மிதித்து நடந்த மாதிரி வெள்ளையாக, ஐந்து விரலும் தெரிந்தது. துடைத்தாலும் போகவில்லை. நகராட்சியிலிருந்து முகக்கவசத்தோடு வந்தவர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து, தொற்று இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அதே வாரம் அடுத்த தெருவில் ஒரு சுவர்க்கடிகாரம் இருமத் தொடங்கியிருந்ததால் அவருக்கு அங்கே வேலை அதிகம்.

நொடிமுள் என்பது அந்த வீட்டுக்காரருக்கு ஆலைத் தொழிலாளர்கள் வைத்த பெயர். முப்பத்தொரு வருஷம் கையில் ஸ்டாப்வாட்சும் குறிப்பெழுதும் அட்டையுமாக நின்று, யார் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று எண்ணி, வீண் நடையைக் குறைப்பதுதான் அவருடைய உத்தியோகம். கையில் வேலையில்லாமல் ஒருவர் நின்ற இடத்தைப் ஆலையின் வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவார். அந்த வட்டத்தால் வேலை போனவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற நாலாம் மாதமே நோய் வந்து ஊரை அடைத்துவிட, கூடத்து நாற்காலியும் டிவியுமாகக் கிடந்தார். தடங்களைப் பார்த்ததும் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதைதான். பரணிலிருந்து அட்டை இறங்கியது.

மனைவியின் தடங்கள் ஒரு நாளைக்குப் பதினோராயிரத்து இருநூறு. அவருடையவை முந்நூற்றுப் பதினாறு. அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக அப்போது அவருக்குத் தோன்றவில்லை. உப்பு ஜாடியை இடம் மாற்றினார், வாளியை இடம் மாற்றினார், துணி உலர்த்தும் கயிற்றை ஜன்னல் பக்கம் கட்டினார். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பாதங்கள், ஜோடியாக, ஒன்றின்மேல் ஒன்றாக, தினம் இருபது தடவை. சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இங்க வந்து சும்மா நின்னுட்டுப் போறியே, என்னத்துக்கு?"

"டிவி அதுபாட்டுக்கு ஓடுது, நீங்க தூங்கிடறீங்க. காய்ச்சல் வந்து எழுந்த உடம்பு. மூச்சு வருதான்னு பாத்துட்டுப் போவேன்," என்றாள் அவள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

அவர் வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். அடுத்த வாரம் பழைய தடங்களும் தரைக்கு அடியிலிருந்து மேலே வர ஆரம்பித்தன, ஒவ்வொரு வாரமாகப் பின்னோக்கி. அப்படித்தான் அந்த ஒன்பது நாளும் வந்து சேர்ந்தன. அவருக்குக் காய்ச்சல் இறங்கிய கையோடு அவளுக்கு ஏறியபோது, அவள் சின்ன அறையில் படுத்திருந்த நாட்கள் அவை. அவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியூரிலிருந்த மகளிடம் போனில், "அம்மாவ நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தரையைப் பார்த்தார். சின்ன அறையிலிருந்து அடுப்படிக்கு இழுத்து இழுத்து நடந்த பாதங்கள், குதிகால் பதியாதவை. நடுவில் இரண்டு இடத்தில் முழங்கால் ஊன்றிய வட்டங்கள். அங்கிருந்து அவருடைய கதவுவரை, வேளைக்கு ஒரு முறை. அந்த ஒன்பது நாளும் தட்டு வந்தது, அவர் சாப்பிட்டார். யார் சமைத்தது என்று யோசிக்கவில்லை. நாலாம் நாள் உப்பே இல்லை என்று உள்ளிருந்து கத்தியது நினைவுக்கு வந்தது. அவளுக்கு அப்போது நாக்கில் ருசி செத்திருந்தது. சின்ன அறைப் பக்கம் அவருடைய தடம் ஒன்றுகூட இல்லை.

கட்டுப்பாடு தளர்ந்ததும், ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகள் போன் செய்தாள். மகள் இன்னும் அப்பாவைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை முழுக்க ஆசிட் ஊற்றித் தேய்த்தார், பாய் விரித்தார். தடங்கள் பாயின்மேல் ஏறிவந்தன. மனைவி வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"விடுங்க. கை வெந்துடப் போகுது. சொல்லணும்னா அன்னிக்கே அவகிட்ட போன்ல சொல்லியிருக்க மாட்டனா?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மகள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தடங்களைப் பார்த்தபடியே சின்ன அறைவரை நடந்தாள். முழங்கால் வட்டங்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உங்க தடம் எங்கப்பா?"

மழுப்ப அவரிடம் நாலைந்து பதில்கள் தயாராக இருந்தன. "இல்லம்மா. நான் போகல. பயமா இருந்துச்சு. உன்கிட்ட பொய் சொன்னேன்," என்றார். ஆலையில் எத்தனையோ பேர் தன் முன்னால் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தவர், முதல்முறையாக அப்படி நின்றார். டீ ஆறுகிறது என்று அடுப்படியிலிருந்து குரல் வந்ததும் இருவரும் அந்த வட்டங்களை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு தரை புதுத் தடம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. பழையவை அப்படியே இருந்தன. மூன்று வருஷம் கழித்து டைல்ஸ் மாற்றினார்கள், அதிலும் வந்தன. டைல்ஸ் போட்டவர் வழக்கமான கூலிதான் வாங்கினார். மகள் வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை முதல் நொடிமுள் மனைவிக்கு முன்னால் எழுந்து, வெந்நீர் வைத்து, விரல் சுடச்சுடக் கட்டிலருகே கொண்டுபோய்க் கொடுத்தார். போக நாற்பத்திரண்டு அடி, வர நாற்பத்திரண்டு. முதல் நாள் மட்டும் திரும்பிப் பார்த்தார். பழைய தடங்களுக்கு நடுவே அவருடைய புதுத் தடம் ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.