பதினொரு நாள் பேச்சு

"அடுத்தது 'சி'. ஒரே ஒரு எழுத்துதான் இருக்கு. இது யாருக்கா?" பழைய போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு தம்பி கேட்டான்.

மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அக்கா பதில் சொல்லவில்லை. சொல்லக் குரல் கிடையாது. மடிமேல் இன்னொரு சின்னத் தலையணை, அதன்மேல் ஊன்றிய இரண்டு கைகள், நடுவில் புதிய போன். கட்டைவிரல்கள் இரண்டும் பட்டன்கள் மேல் ஓடி நின்றன. திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'சிமெண்ட் வேலைக்காரர். மாடி ஒழுகினால் இவரைக் கூப்பிடு.' கீழே எண்ணையும் போட்டிருந்தாள். அவன் இன்னும் எண்ணைப் படிக்கவே இல்லை. பழைய போனோடு ஒத்துப் பார்த்தான். ஓர் இலக்கம் பிசகவில்லை.

அவளுக்கு எண்கள் அப்படித்தான். முப்பத்தொன்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள். அங்கே அவள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் 'போர்டக்கா'. எக்ஸ்ரே ரூமை மருந்து ஸ்டோரோடு இணைப்பாள், பிரசவ வார்டை வெளியூர்க் கணவனோடு இணைப்பாள், அழுகிறவர்களை யாரோடும் இணைக்காமல் தானே கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வாள். அறுபது முடிய ஒரு வருஷம் இருக்கும்போது தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் கட்டியோடு குரலும் போயிற்று. கழுத்தில் ஒரு நரம்பைத் தொட வேண்டியிருந்ததால் வலது தோளும் ஓய்ந்துவிட்டது. பேனா பிடித்து நாலு வரி எழுதினால் அன்றைக்கெல்லாம் தோள் குடையும். அதனால் சீட்டில் எழுதிக் காட்டுவதும் 'தண்ணீர்', 'ஜன்னல்', 'போதும்' என்கிற அளவோடு நின்றது.

பழைய போனில் எழுத்து அடிக்கலாம்தான். ஆனால் ஒரு பட்டனுக்குள் மூன்று நாலு எழுத்து குடித்தனம் நடத்தியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை கேட்க இருபத்தொரு தடவை அமுக்க வேண்டும். அவளே எண்ணிச் சொன்ன கணக்கு அது. அதனால்தான் பெயர்களையெல்லாம் ஓர் எழுத்து, ஈரெழுத்தில் சேமித்து வைத்திருந்தாள். இரண்டு வருஷம் வீட்டில் அவள் இருப்பதே தெரியாமல் இருந்தது.

புதிய போன் வந்து இன்றைக்குப் பதினொரு நாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பழுது பார்க்கப் போன கட்டடத்தின் கீழ்த்தளக் கடையில் அதைப் பார்த்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி பட்டன், மாதுளை முத்து மாதிரி வரிசை வரிசையாக. இவ்வளவு சின்ன பட்டன் அக்காவுக்கு எதற்கு என்று தயங்கித்தான் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டான். யோசிக்காமல் வாங்கிக்கொண்டு வரும்படி அவள் சொன்னாள். சிம்மை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்தில் அவன் பையில் போன் கூவியது. அடுத்த அறையிலிருந்து முதல் செய்தி: 'டிவி சத்தத்தைக் குறை. ரெண்டு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்.'

அதோடு மடை திறந்துகொண்டது. மனைவிக்குச் சமையலில் உப்பு பற்றி ஒன்று. பால்காரர் தண்ணீர் கலப்பது பற்றி ஒன்று. மாடி வீட்டுப் பெண் பாடிப் பழகும் பாட்டில் எந்த இடத்தில் சுருதி இறங்குகிறது என்று ஒன்று. அவன் லிஃப்ட் மேல் நின்றுகொண்டிருக்கும்போது வரும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போது வரும், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்துகொண்டே அனுப்புவாள். ஒருநாள் எண்ணிப் பார்த்தான். நாற்பத்தாறு.

நாலாம் நாள் வந்ததுதான் பெரிய செய்தி.

அன்றைக்குக் காலையில் அக்காவைப் பார்க்க அவனுடைய பழைய முதலாளி வந்திருந்தார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட பிறகு இப்படி யாராவது வருவார்கள். வருகிறவர்களிடம் தம்பி வழக்கமாகச் சொல்வதை முதலாளியிடமும் சொன்னான். "எனக்காகத்தான் சார் கல்யாணமே பண்ணிக்கல. என்னை ஆளாக்கணும்னே வாழ்க்கையை விட்டுட்டா." சொல்லும்போது வழக்கம்போல் அவன் குரல் தழுதழுத்தது. அம்மா முன்னாலேயே போய், அப்பாவும் போனபோது அவனுக்குப் பதினொன்று, அவளுக்கு இருபது. அந்தக் கடனை நெஞ்சில் ஒரு கல்லாக நாற்பத்தொரு வருஷம் சுமந்தவன் அவன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் இருந்தபோது போன் விடாமல் கூவியது. ஒரே செய்தியை அது எட்டுத் துண்டாக வெட்டி அனுப்பியிருந்தது. அதிலும் மூன்றாவது முதலில் வந்தது, கடைசி நடுவில் வந்தது. அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எட்டையும் ஒழுங்குபடுத்திப் படித்தான்.

'ரெண்டு வருஷமா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்றே. வாயில்லாம கேட்டுட்டு இருந்தேன். இப்ப சொல்றேன். உன்னைப் படிக்க வெச்சேன், அது நிஜம். அதுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்ல. ரெண்டு பேர் வந்து பார்த்தாங்க. ஒருத்தன் வேலையை விடச் சொன்னான். இன்னொருத்தன் நல்லவன், எனக்குத்தான் தோணல. எனக்கு போர்டு பிடிச்சிருந்தது. காலைல ஹெட்போனை மாட்டினா ஊரே என் காதுக்குள்ள வந்துடும். அதை விட்டுட்டு ஒருத்தனுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு இருக்க என்னால ஆகாது. நான் சந்தோஷமாத்தான் இருந்தேன். நீ பரிதாபப்படற அளவுக்கு எனக்கு ஒண்ணும் குறையில்ல. உன்னை அவ்வளவு பெரிய ஆளா நினைச்சுக்காதே. இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. சார்ஜர் பின் லூசா இருக்கு, வரும்போது கடைல வேற ஒண்ணு வாங்கிட்டு வா.'

முதலில் அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நாற்பத்தொரு வருஷம் தூக்கி வைத்திருந்ததை, அது உன்னுடையதே இல்லை, கீழே வை என்றால்? பதிலாக 'சரி' என்று ஒரு வார்த்தை அடித்து அனுப்பினான். அன்று சாயங்காலம் மனைவியிடம் போனைக் கொடுத்தான். அவள் எட்டையும் நின்றபடியே படித்தாள்.

"அப்போ இருபத்தாறு வருஷமா காத்து வர்ற ரூமை எதுக்கு இவங்களுக்குக் குடுத்துட்டு நாம வேர்த்து வழிஞ்சோம்?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள்தான் முதலில் சிரித்தாள். சமையலறையில் சத்தம் வராமல் சிரிப்பதற்காக இருவரும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. உடனே அவள் கையிலிருந்த அவன் போன் கூவியது. 'என்னைப் பத்தித்தானே?'

அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவன் அறைக்குள் போனான், சார்ஜரைக் கொடுத்தான், கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கால் நகங்களை வெட்டிவிட்டான். கால் லேசாக இருந்தது. அவனுக்கும் எங்கோ லேசாக இருந்தது.

பழைய போனிலிருந்த பெயர்கள் சிம்மோடு வரவில்லை, போனின் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றை இன்றைக்கே மாற்றியாக வேண்டும் என்று அவள் காலையிலிருந்தே பிடிவாதம் பிடித்தாள். மூச்சு வாங்கியது. சாயங்காலம் பார்க்கலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான்.

"உனக்குத்தான் எல்லா நம்பரும் மனப்பாடமாச்சே. லிஸ்ட் எதுக்கு?"

அவள் அடித்துக் காட்டினாள். 'எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதே.'

அவன் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"சரி. அடுத்தது சொல்றேன்."

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. எழுத்து வரிசை எதுவும் கிடையாது. சேர்த்த வரிசையிலேயே கிடந்தன. புதிய போனில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பையும் சேர்த்தாள். 'பி', பிளம்பர் ஆனார். குடிக்காத நாளில் மட்டும் கூப்பிடவும். 'டா2', இரண்டாவது டாக்டர். முதல் டாக்டரைவிட நல்லவர். அவள் அடிக்க அடிக்க அவன் மடியில் ஒரு பேட்டை முழுவதும் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. நடுவில் மனைவி வந்து உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டுப் போனாள். கொடியில் காயும் துணிகளின் நிழல் ஜன்னல் கம்பிகளில் ஆடியது.

"இன்னும் மூணுதான். இது 'பிபி'. இது யாரு, பிளட் பிரஷர் டாக்டரா?"

பட்டன் சத்தம் கேட்கவில்லை. அவன் எண்ணைப் படிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

கட்டைவிரல்கள் இரண்டும் பட்டன்கள் மேலேயே இருந்தன. முகம் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது, மறுமுனையில் யாரோ லைனுக்கு வரக் காத்திருப்பவள்போல். அவன் கூப்பிடவில்லை, உலுக்கவும் இல்லை. பழைய போனைக் கட்டிலோரம் வைத்தான். பிறகு எழுந்துபோய் மனைவியின் தோளைத் தொட்டான். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்றேகால்.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனபின், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மனைவி கேட்டாள். அவன் புதிய போனை எடுத்தான். பாக்கி மூன்று பெயர்களையும் இருந்தது இருந்தபடியே ஏற்றினான். அந்தப் பட்டன்களில் அவன் விரல் பட்டது அதுதான் முதல் முறை. ஆள்காட்டி விரலால் தேடித் தேடி நாலு வரி அடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அக்கா இன்று காலை பதினொன்றேகாலுக்குப் போய்விட்டாள் என்றும், சிரமப்படவில்லை என்றும், நாளை பகல் இரண்டு மணிக்கு எடுக்கிறோம் என்றும் வீட்டு விலாசத்தோடு எழுதி, அவள் எண்ணிலிருந்து போகிறதே என்று கடைசியில் 'தம்பி' என்று போட்டான். பத்துப் பத்துப் பேராக நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினான்.

மறுநாள் வருவது சொந்தத்தில் பத்து, தெருவில் இருபது பேர் என்று நினைத்துத்தான் முப்பது நாற்காலி வாடகைக்குச் சொல்லியிருந்தான். பதினோரு மணிக்கே அவை போதவில்லை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை அவனுக்குத் தெரியாது. அதைவிட வேடிக்கை, அவர்களுக்கு அக்காவையும் தெரியவில்லை. வாசலில் வந்து நின்று, "போர்டக்கா வீடு இதுதானே?" என்று கேட்டார்கள். உள்ளே வந்தவர்கள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்கள்.

பருத்த உடம்போடு ஒரு பெண்மணி தலைமாட்டில் நின்றவள் நகரவே இல்லை. தம்பி அருகே போனதும் தணிந்த குரலில் பேசினாள். "நான் பிளட் பேங்க்ல இருக்கேன். இருபத்தி ரெண்டு வருஷம் தினம் பேசியிருக்கோம். நேர்ல இப்பதான் பார்க்கறேன். குரலுக்கு இன்னும் உயரமா இருப்பாங்கன்னு நினைச்சேன்."

"பிபி," என்றான் அவன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. உட்காருங்க."

உறவில் ஒரு சித்தப்பா கைத்தடியோடு வந்து அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "தம்பி தம்பின்னு தன்னை உருக்கிக்கிட்டவ. இவனுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுட்டா, பாவம்."

இந்த இடத்தில் தம்பி குலுங்குவான் என்று எல்லாரும் காத்திருந்த மாதிரி இருந்தது. மனைவி சுவரோரமிருந்து அவனையே பார்த்தாள்.

"இல்ல சித்தப்பா," என்றான் அவன். "அவளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடிச்சிருந்தது."

சித்தப்பா கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிளட் பேங்க் பெண்மணி மட்டும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

எல்லாம் முடிந்து, அவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தபோது மணி ஐந்து. நாற்காலிக்காரரின் வண்டி ஆறுமணிக்கு வரும். நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்க்க ஆரம்பித்தான். நாலைந்து மடக்கியிருப்பான். தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது.

வந்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் போகாமல் வேலியோரம் நின்றிருந்தார்கள். ஒருவர் இன்னொருவர் பேசுவதைக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம். நீங்க எக்ஸ்ரே ரூம்தானே?" என்றார். அவர் ஆமாம் என்றதும், "நான் மூணாம் மாடி மருந்து ஸ்டோர். பதினஞ்சு வருஷமா என்னைத் திட்டறது நீங்கதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிளட் பேங்க் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டாள். யாரையாவது பேசச் சொன்னாள். ஒரே வார்த்தையில் ஆம்புலன்ஸ் டிரைவரைக் கண்டுபிடித்தாள். அவர் வெட்கப்பட்டார். யாரோ சிரித்தார்கள். சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டார்கள், பிறகு மறுபடியும் சிரித்தார்கள்.

தம்பி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். உள்ளே திரும்பி, பன்னிரண்டு டீ என்று மனைவியிடம் சொன்னான். பிறகு மடக்கியவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவோரம் விரித்துப் போட ஆரம்பித்தான்.