வெண்டலின் இரண்டு நாள் விடுப்பு

திங்கட்கிழமைக்குள் இன்ஜின் ஓடியாக வேண்டும். ஓடினால் எனக்கு வேலை உறுதி. எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் செய்யும் சக்கரம் வைத்த பயண வீடுகளை என் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி, இந்தியானாவிலிருந்து மேற்குக் கோடியில் இருக்கும் ஆரிகன் வரை இழுத்துப்போக வேண்டும். மாதத்தில் இருபத்தைந்து நாள் சாலையில் இருப்பேன். இருபத்தைந்து நாள் என் கணவன் வெண்டல் இல்லாமல்.

வண்டியின் பழைய இன்ஜின் பிப்ரவரியில் போய்விட்டது. உடைசல் கடையில் இன்னொன்றைப் பிடித்து, எங்கள் கேரேஜில் நானே பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சுமையோடு மலை ஏற இன்ஜின் நன்றாக மூச்சு விட வேண்டும். அதற்காகத்தான் போர்ட்டிங்: இன்ஜினின் தலைப்பாகமான சிலிண்டர் ஹெட்டில் காற்று போகும் துளைகளை உள்ளே அரைத்து அகலமாக்குவது. இரண்டு ஹெட், ஒவ்வொன்றிலும் உள்ளிழுக்கும் துளை நான்கு. துளையின் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். சுவர் எவ்வளவு கனம் என்று பார்த்தால் தெரியாது. ஓட்டை விழுந்தால் அந்த ஹெட் வீண்.

தினமும் வேலை முடிந்ததும் வெண்டல் பீர் டப்பாவோடு கேரேஜ் வாசலில் வந்து நிற்பான்.

"இது இன்ஜினா, நீ பண்ற சூப்பா? கிண்டிக்கிட்டே இருக்கியே."

"அந்த சூப்பத்தான் நேத்து ரெண்டு கிண்ணம் குடிச்ச."

"பசிச்சா நாய்கூடக் குடிக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பதினோரு வருடமாக எங்களுக்குள் இதுதான் பேச்சு. நான் போவது பொறுக்காமல்தான் அவன் அங்கே வந்து நிற்கிறான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறுப்பதற்காகவாவது அவனுக்கு நான் தேவைப்படுகிறேனே.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஹெட்டின் மூன்றாவது துளைக்கு வந்திருந்தேன்.

"போதும், நிறுத்து" என்றான். குரலில் கிண்டல் இல்லை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"நிறுத்துடி லொரீன். அந்த வளைவுல இரும்பு மெல்லிசு."

நிறுத்தத்தான் இருந்தேன். விரல் கைக்கிரைண்டரின் விசையை விட்டுக்கூட விட்டது. அவன் சொன்னதால் மறுபடி அழுத்தினேன். கிரைண்டரின் சத்தம் மாறியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊசிமுனை அளவு ஓட்டை, அதன் பின்னால் இருட்டு.

"உடைச்சிட்டியா?"

"ஆமா."

சிரிப்பான் என்று காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை. தன் பொருள் போனதுபோல முகம் தொங்கிப்போய் உள்ளே போனான்.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் என் வேலை முடிந்து வந்தபோது, அவனுடைய கார் வீட்டில் நின்றது. விடுப்பு போட்டிருந்தான். தன் பழைய ரேஸ் காரின் ஹெட் ஒன்றை மேசைக்கடியிலிருந்து எடுத்து வைத்திருந்தான். நான் அந்தப் பக்கம் துடைப்பம்கூடக் கொண்டுபோக விடாமல் வைத்திருந்தது, என் இன்ஜினுக்கும் பொருந்தும் அதே வார்ப்பு. நான் சரியாக அரைத்த துளைகளுக்குக் காகிதத்தில் அளவு வெட்டி, அதை வைத்துத் தன் ஹெட்டில் அதே வடிவத்தை அரைத்துக்கொண்டிருந்தான். வியாழனும் விடுப்பு. என் அம்மா செத்தபோது அரைநாள்கூட எடுக்காதவன்.

"உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்புறம் எதுக்கு?"

இரும்புத் தூளை ஊதினான். "திங்கக்கிழமை நீ போகணும்ல."

"அதுல உனக்கென்ன அவசரம்?"

கண்ணாடியைக் கழற்றினான். முகமெல்லாம் கரி, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுப்பு. "பிப்ரவரிலேர்ந்து அந்த வாசல்ல நின்னு நாள் எண்ணிட்டிருக்கேன் லொரீன். இன்ஜினோட அடிப்பாகம் மார்ச்லயே முடிஞ்சிருக்கணும். நீ என்னடான்னா மாட்டுனதக் கழட்டி மறுபடி மாட்டிட்டிருக்க."

அது உண்மை. ஒவ்வொரு பேரிங்கையும் மூன்று முறை அளந்தேன். கவனம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை என் விரலை அழுத்த வைத்தது அவன்மேல் இருந்த வீம்பு மட்டும்தானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விட்டுப் போகிறவள் நான் என்பதுதான் மூன்று மாதமாக என்னிடம் இருந்த ஒரே பலம். அதையும் அவன் அரைத்துவிட்டான்.

சனிக்கிழமை ஹெட்டை உட்கார வைத்ததும் வெண்டல் போல்ட் இறுக்கும் முறுக்குச் சாவியை எடுத்தான்.

"கைய எடு."

"நீ மெதுவாப் பண்ணுவ."

"எடுன்னேன்."

நடுவிலிருந்து வெளியே, பதினேழு போல்ட், மூன்று சுற்று நானே இறுக்கினேன். எதையும் அவசரப்படுத்தவில்லை. அவன் காலை மாற்றி மாற்றி நின்றான்.

ஞாயிறு மதியம் மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. நான் அரைத்த பக்கமும் அவன் அரைத்த பக்கமும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்டன. நான் உள்ளே போய்த் துணிகளை இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் அவன் முன்கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தான்.

"பெட்ரோல் ரொப்பிட்டேன். இப்பவே கெளம்பறியா?"

"நாளைக்குக் காலைலதான் வேலை."

"மழை வரும்போல இருக்கு. அதுக்கு முன்னாடி போயிட்டா நல்லது."

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. பைகளை முன்சீட்டில் எறிந்துவிட்டு ஏறினேன்.