பேர் நிறுத்திய மார்கழி

ஒரு மார்கழி முழுக்க நான் செத்துப்போயிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செத்துவிட்டேன் என்று நானே முடிவு செய்து, அதற்குத் தகுந்த மாதிரி நடந்தும் கொண்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

இங்கிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது. எதையும் நடுவில் பிடித்துத்தான் எனக்குப் பழக்கம். சரி, சாமை காயப்போட்ட நாளுக்குப் போகிறேன்.

எங்களுடையது கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் ஒரு சின்ன ஊர். கார்த்திகை மாசம் அம்மா களத்தில் சாமையைப் பரப்பிவிட்டு, "மழை வந்தா படுதாவைப் போட்டு மூடிரு கண்ணு" என்று சொல்லி என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுக் காட்டுக்குப் போனாள். படுதா என் மடியிலேயே கிடந்தது. மழையும் வந்தது. நான் அதைப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நன்றாகவே பார்த்தேன். வேலியில் ஒரு சிலந்தி வலை. முதல் துளி அதில் விழுந்து தொங்கியது. இரண்டாவது துளி வந்து அதோடு சேருமா, சேர்ந்தால் வலை தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, முதுகில் விழுந்த அடி. சாமை வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

"அங்கிருந்து பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே ஓடியாரேன், கல்லாட்டம் உக்காந்திருக்கறா!" என்று அம்மா அழுதாள். அந்தச் சாமை எங்கள் வீட்டு அடுத்த சில மாதத்துச் சோறு. அவள் அழுததில் தப்பில்லை.

அப்பாவின் அக்கா, அத்தாயி அத்தை, மழையில் நனைந்தபடி வந்து என் முகவாயை நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

"சின்னராசு, இவ கண்ணு இங்க இல்ல. பாவை பாக்கறா."

கொல்லிமலையில் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். பாவை காட்டுக்குள் நின்று சிரிப்பவள். அந்தச் சிரிப்பைக் கண்டவர்கள் அதையே பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பி வருவது கிடையாது. சிலரை அவள் சின்ன வயசிலேயே பார்த்து வைத்துக்கொள்வாளாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஒரு வைத்தியம் உண்டு. பேர் நிறுத்துவது. பாவைக்குப் பேர் தெரிந்தால்தானே கூப்பிடுவாள்? அதனால் ஊரில் ஒருத்தரும் அந்தப் பேரை வாயில் எடுக்கக்கூடாது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. பாவை மறந்துவிடுவாள். தை நோம்பி, அதாவது பொங்கல் அன்றைக்கு வேறு பேர் வைத்துக் கூப்பிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், பழைய பேர் அதோடு போயிற்று. இதில் முக்கியமான விதி, பிள்ளைக்கு எதுவும் தெரியக்கூடாது. பிள்ளைக்குத் தெரிந்தால் பாவைக்கும் தெரிந்துவிடும்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் சொல்லப்பட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு வலி மட்டும்தான்.

பேரை நிறுத்தியது தெரியவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. சிரிக்காதீர்கள். கூப்பிட்டாலே காதில் விழாதவளுக்கு, கூப்பிடாமல் விட்டது எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் மணிவண்ணன் வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பேர் வரவில்லை. வழக்கம் போல நான்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் கையைக் கிள்ளிக்கொண்டே கேட்டேன். எனக்கு முன்னால் இருப்பவள் பேர் வந்தது. பின்னால் இருப்பவள் பேர் வந்தது. நடுவில் வாத்தியார் ஒரு தடவை மூச்சு விட்டார். அந்த மூச்சுதான் நான்.

அந்த மனுசர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ராசிபுரத்திலிருந்து வந்தவர், பாவையை நம்புகிற ஆளும் இல்லை. ஊர்க்காரர்கள் கேட்டார்கள், சரி என்றுவிட்டார். அதற்கு முன்னாலும் என்னைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்தப் புள்ளையால ஒரு தொந்தரவும் இல்லைங்க." பெஞ்சு மேல் ஏறிக் குதித்த பையன்களைப் பற்றி மட்டும் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பாதிக் கணக்கோடு, பாதி வாக்கியத்தோடு, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனவளைப் பற்றி யாரிடமும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

வீட்டில் அம்மா தட்டில் சோற்றைப் போட்டு, நடு வீட்டில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாள். நான் அதே மாதிரி முன்பு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், தாத்தா செத்த பிறகு அவருக்குப் படையல் வைத்தபோது. "அம்மா, பசிக்குது" என்றால் அடுப்பைப் பார்த்து, "சட்டியில களி இருக்குது" என்பாள். அடுப்பு பதில் சொல்லாது. நான் போய் எடுத்துக்கொள்வேன். அப்பா என் தலைக்கு மேலே இருக்கிற சுவரைப் பார்ப்பார். அத்தை நான் வந்தால் எழுந்து நகர்ந்துவிடுவாள். கூடப் படித்த கவிதாவின் முன்னால் போய் நின்றேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பேயைக் கண்டால்தான் அப்படி மூடுவார்கள்.

நாய் மட்டும் என்னைப் பார்த்து வாலாட்டியது. ஆனால் நாய்க்குப் பேய் தெரியும் என்பது ஊருக்கே தெரிந்த விசயம். அது சாட்சிக்கு உதவாது.

மார்கழி பிறந்த சமயத்தில் ஒருநாள் எல்லாம் விளங்கிவிட்டது. சாமை போன மறுநாள் ஓடையில் வழுக்கி விழுந்தேனே, நானாக எழுந்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேனே, எழுந்து வரவே இல்லை. இது புரிந்ததும் பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. செத்தவளிடம் யாரும் கணக்கு கேட்க மாட்டார்கள். தண்ணீர்க் குழாயை ஏன் மூடவில்லை, ஆட்டை ஏன் ஓட்டிவரவில்லை என்று திட்ட மாட்டார்கள். அம்மாவுக்காக மட்டும் அழுகை வந்தது. அவளுக்குத் தினமும் படையல் வைக்கிற வேலை.

செத்தவர்கள் வீட்டிலேயே சுற்றக்கூடாது. அதனால் மார்கழிக் கடைசியில் ஒருநாள் கிளம்பினேன்.

அன்றைக்குக் காலையில் பனிமூட்டம் இறங்கி, சில்வர் ஓக் மரங்களின் அடி மட்டும்தான் தெரிந்தது. மிளகுக் கொடி பாதி வரை ஏறி, அதற்கு மேல் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. தோட்டத்தைத் தாண்டினால் ஒரு பாறை உண்டு. பாவை நிற்பது அங்கேதான் என்பார்கள். அந்தப் பாறைக்குப் பிறகு மலை கிடையாது, கீழே வெறும் பள்ளம். எனக்குப் போக்கிடம் அதுதான் என்று தோன்றியது. இவ்வளவு நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதானே?

பின்னால் எங்கேயோ தட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு, பிறகு நாலைந்து. மூட்டத்துக்குள் ஆட்கள் நடக்கிறார்கள், தட்டை அடிக்கிறார்கள், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. என்னைத்தான் ஊர் தேடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சாவு ஊர்வலம் என்று நினைத்தேன். யார் செத்தார்கள் என்று ஒரு கணம் யோசித்து, அட, நான்தானே என்று ஞாபகம் வந்தது.

பாறை மேல் ஏறினேன். கால் விரலுக்கு முன்னால் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்போது என் பேர் கேட்டது.

"தேன்மொழீ..."

பெண் குரல். பள்ளத்துப் பக்கத்திலிருந்து வந்தது. நான் கேட்டுப் பழகாத குரல். அவ்வளவு நாள் கழித்து என் பேரைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை இப்போதும் மறைக்கத் தோன்றவில்லை. பாவைக்கு என் பேர் மறக்கவில்லை! அம்மாவுக்கே மறந்துவிட்டது, அவளுக்கு மறக்கவில்லை. "வாரேன்" என்று சொல்லி ஒரு காலைத் தூக்கினேன்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தோளைப் பிடித்தன. இழுக்கவில்லை, இறுக்கிப் பிடித்துத் திருப்பின. திரும்பினால் தலை முதல் கால் வரை கறுப்பு. வெள்ளை மூட்டத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு உருவம், முகம் மட்டும் தெரிகிறது. அது குனிந்து, என் கண்ணுக்கு நேரே தன் கண்ணைக் கொண்டுவந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: "தேன்மொழி."

கை சூடாக இருந்தது. பாவையின் கை சூடாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"நான் செத்துட்டனாங்க?" என்று கேட்டேன்.

"யா அல்லா" என்று அந்த உருவம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. அப்போதுதான் அத்தர் வாசனையில் அடையாளம் தெரிந்தது. நசீபாம்மா. அடிவாரத்து மிளகு வியாபாரி சேக் மைதீன் பாயின் மனைவி. வருசா வருசம் கொடியில் காய்ப்பு பார்க்க அவர் வரும்போது கூட வருவார், எனக்கு வளையல் வாங்கி வருவார். அன்றைக்கு வந்து இறங்கியவர், "தேன்மொழி எங்க?" என்று கேட்டிருக்கிறார். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றதும், அவரே தேடிக் கிளம்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் போட்ட சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

"பேரைச் சொல்லாம தட்டை அடிச்சுப் புள்ளையத் தேடுவீங்களா? ஆடு மாடா அது?"

"பேரைச் சொல்லிப்போட்டீங்களேம்மா" என்று அத்தாயி அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "தை நோம்பிக்கு வேற பேரு வெச்சிருந்தா பொழைச்சிருப்பா. இனி பாவை உடமாட்டா."

"எம் மவ ஷாஹிஸ்தாவும் இப்படித்தான் இருந்தா" என்றார் நசீபாம்மா. குரல் தணிந்துவிட்டது. "நாங்க பாவைன்னு சொல்லல. சோம்பேறின்னு சொன்னோம், திமிருன்னு சொன்னோம். காலேஜுல எல்லாத்துலயும் பெயிலாகி, சாப்பிடாம படுத்தப்பதான் டாக்டர்கிட்டப் போனோம். ஏ.டி.எச்.டி.ன்னாங்க, கவனம் ஒரு இடத்துல நிக்காதாம். அது ஓடித் திரியற பசங்களுக்குத்தானேன்னு கேட்டேன். ஓடாமலும் வருமாம். பொம்பளப் புள்ளைங்களுக்கு அப்படித்தான் நெறையப் பேருக்கு இருக்குதாம், யாருக்கும் தெரியாமலே போயிருதாம். இத்தன வருசம் எம் புள்ளைய நான் திட்டித் தீர்த்தேனே, அதை யாருங்க திருப்பித் தருவாங்க? இவளுக்கு அந்த வயசு ஆகல. இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"ஆஸ்பத்திரியில பேரு எழுதோணும். அங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றாள் அத்தை. அப்பா சுவரைப் பார்த்தார்.

அம்மா மூலையில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்கவே இல்லை என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்தாள். நசீபாம்மா செய்தது போலவே என் தோளைத் தொட்டாள், குனிந்தாள். அவள் வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது.

"தேன்மொழி" என்றாள். பிறகு அத்தையைப் பார்த்து, "போதுமுங்க அண்ணி. எம் புள்ளைக்கு இந்தப் பேரே இருக்கட்டும்" என்றாள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரே நாளில் எதையும் சொல்லிவிடவில்லை. காதைப் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், கண் நிலைகுத்துவது வலிப்பா என்று தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். மணிவண்ணன் வாத்தியாரை வரவழைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் வியர்த்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திருப்தி. கடைசியில் நசீபாம்மா சொன்னதைத்தான் டாக்டரம்மாவும் சொன்னார். பாறையில் கேட்ட குரலைப் பற்றி நான் கேட்டேன். நசீபாம்மா எனக்குப் பின்னால், தோட்டத்துப் பக்கமிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்டதோ பள்ளத்துப் பக்கமிருந்து. "எதிரொலியா இருக்கும்" என்றார் டாக்டரம்மா. மூட்டம் இல்லாத நாட்களில் நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"இது குடும்பத்துல வழிவழியா வரலாம். நீங்க சின்ன வயசுல எப்படிங்கம்மா?" என்று அவர் அம்மாவைக் கேட்டார். அம்மாவை ஊரே பாவாயி என்றுதான் கூப்பிடும், எனக்கும் அந்தப் பேர்தான் தெரியும்.

அம்மா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கும் பேரை நிறுத்துனாங்கங்க" என்றாள். "பாவாயிங்கறது நோம்பிக்கு வெச்சது. முன்ன எம்பேரு ருக்குமணி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வளைவுகளில் மூட்டம் உள்ளே வந்து போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். செம்மேட்டில் பஸ் நின்று எல்லாரும் இறங்கியாயிற்று. "பாவாயக்கா, எறங்குங்க!" என்று கண்டக்டர் இரண்டு தடவை கத்தினார். அம்மா அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கண் அங்கே இல்லை.

பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று எனக்கும் தெரியும். தோளைத் தொட்டேன். முகத்தைத் திருப்பி, கண்ணுக்கு நேரே குனிந்தேன்.

"ருக்குமணி."

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டதும் பதில் சொல்கிற சின்னப் பிள்ளை மாதிரி, "இதோ வாரேன்" என்றாள்.