மாங்கன்றுக்குத் தண்ணீர்

"சாப்பாட்டைத் தொடாம எந்திரிச்சா என்ன அர்த்தம்?" என்று சிர்ரா கேட்டாள்.

அவள் புருஷன் கெப்பா முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். நிலக்கடலைக் குழம்பு ஊற்றிய சோறு பெரிய கிண்ணத்தில் ஆவி பறக்க இருந்தது. எதிரே அவனுடைய அண்ணன் அன்சுமானா மட்டும் உருண்டை பிடித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். கெட்ட சேதி கொண்டுவருகிறவர்களுக்கு எப்போதுமே பசி நன்றாக எடுக்கிறது.

"அவனால சொல்ல முடியல. நானே சொல்றேன்," என்றார் அன்சுமானா. "தோட்டத்துல மாங்கன்னு நடப் போறேன். நாளைக்கு மரம் வளர்க்கிற திட்டத்து ஆபீசர் வர்றாரு. ஒவ்வொரு பாத்திக்கும் நடுவுல ஒண்ணு."

"எந்தத் தோட்டத்துல, பெரியத்தான்?"

"நமக்கு எத்தனை தோட்டம் இருக்கு?"

"எங்க வெங்காயப் பாத்திக்கு நடுவுலயா?"

"நிலம் யாரோடது, சிர்ரா?"

எங்கள் ஊர் ஜாராகுந்தாவில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் எந்தப் பெண்ணும் அதற்கு மேல் பேச முடியாது.  சிர்ரா அவருக்குக் கை கழுவத் தண்ணீர் எடுக்கப் போனாள். கெப்பா முற்றத்து வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நிலம் யாருக்கும் வேண்டாமல் கிடந்த நிலம். கடலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம் ஆண்கள் எல்லாம் தேநீர் காய்ச்சிக் குடித்தபடி அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். கையாலேயே கிணறு தோண்டினார்கள். ஒரு கிணற்றின் கரை சரிந்ததில் நியாராவின் கால் முறிந்து, இன்றுவரை அவள் நொண்டித்தான் நடக்கிறாள். ஆனால் வெங்காயம் விளைந்தது. அப்படி ஒரு விளைச்சல்! வாரச் சந்தையில் லாரிக்காரர்கள் எங்கள் ஊர் வெங்காயத்தைத் தேடி வந்து வாங்கினார்கள். வீட்டு உப்பு, சோப்பு, காய்ச்சல் மருந்து, ஏன், ஆண்கள் பெருநாளுக்குப் போட்ட புது அங்கிகூட அந்தப் பாத்தியிலிருந்து வந்ததுதான். சிர்ராவின் மகள் ஹவா டவுன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு படித்ததும் அதில்தான். எங்கள் தெருவிலிருந்து டவுனுக்குப் படிக்கப் போன முதல் பெண் அவள்.

பெண்களே போய்க் கேட்டு, ஒரு வளர்ச்சித் திட்டத்தின் ஆட்களிடம் கம்பி வேலியும் வாங்கினார்கள். வேலி வந்த பிறகுதான் ஆண்களுக்குக் கண் திறந்தது.

எங்கள் வழக்கம் இப்படி. காட்டை முதலில் வெட்டித் திருத்தியவன் வம்சத்துக்கே நிலம். வாக்கப்பட்டு வந்தவள் அதில் பயிர் செய்யலாம், விளைந்ததை எடுத்துக்கொள்ளலாம். மரம் மட்டும் வைக்கக் கூடாது. ஏனென்றால் மரத்தை வைத்தவனுக்குத்தான் அதன் அடியில் உள்ள மண்ணும் சொந்தம். பெண் இன்றைக்கு இருப்பாள், நாளைக்குத் தலாக் வாங்கிப் போய்விடுவாளாம். என்ன நியாயமோ! முப்பது வருஷம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்டவளும் இந்த ஊரில் போகப்போகிறவள்தான்.

மறுநாள் ஆபீசர் கன்றுகளோடு வந்தார். தலைநகரத்துப் பையன், நல்ல மனசுக்காரன்தான். அதில்தான் எனக்குக் கோபமே.

"வளர்ச்சின்னா அது எல்லாருக்கும் போய்ச் சேரணும்," என்று அவர் பெண்களைப் பார்த்துச் சொன்னார். "நீங்க எப்படியும் வெங்காயத்துக்குத் தண்ணி ஊத்தத்தான் போறீங்க. அதுலயே கன்னும் வளந்துரும். ஒரே வேலை, ரெண்டு லாபம்."

"ரெண்டாவது லாபம் யாருக்கு, தம்பி?" என்றாள் சிர்ரா.

பெண்கள் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்து ஆபீசரும் சிரித்தார்.

"உங்க குடும்பத்துக்குத்தானே, அக்கா!"

"அப்போ என் பாத்தியில உள்ள கன்னை நானே நட்டுக்கிறேன். குடுங்க."

அவள் கையை நீட்டினாள். சிரிப்பு நின்றது. ஆபீசர் அன்சுமானாவைப் பார்த்தார்.

"பொம்பளை நட்ட மரம்னு இந்த ஊர்ல ஒண்ணைக் காட்டு, பாப்போம்," என்றார் அன்சுமானா. குரலை உயர்த்தவே இல்லை. "எல்லாரும் கேட்டுக்குங்க. எவ பாத்தியில கன்னு பட்டுப்போகுதோ, அந்தப் பாத்தி மறுநாளே வேற ஆளுக்கு."

"மரமானா நிழல் விழும். நிழல்ல வெங்காயம் எப்படி விளையும்?" என்று ஆபீசரிடம் கேட்டாள் சிர்ரா.

"அதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கே, அக்கா!"

நாலைந்து வருஷம் வராமலே போய்விடும் என்பது போல அவர் சொன்னார்.

அன்சுமானா எல்லாப் பாத்தியிலும் கன்று நட்டார். முதலில் சிக்கியவள் நியாரா. ஆத்திரத்தில் அவள் கன்றுப் பக்கமே தண்ணீர் விடவில்லை. கன்று கருகியது. சொன்னபடியே மறுநாள் அவள் பாத்தியில் அன்சுமானாவின் இளைய மனைவி வெங்காய நாற்று ஊன்றினாள். நியாராவின் கால் முறிந்தது எந்தக் கிணற்றிலோ, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே இறைத்து ஊற்றினாள். நியாரா வேலிக்கு வெளியே நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அழைத்துப் போக யாரும் வராததால் தானாகவே வீட்டுக்குப் போனாள்.

"வெட்டவும் வேண்டாம், காய விடவும் வேண்டாம்," என்றாள் சிர்ராவின் சக்களத்தி மரியாமா, மீன் கழுவிக்கொண்டே. "ஒரு கெட்டில் கொதிதண்ணி. வேருல ஊத்திட்டு வந்துரு. கறையான் அரிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நம்புவாரா, அக்கா?"

"நம்பாட்டி என்ன, கறையானைக் கூப்பிட்டு விசாரிப்பாரா?"

விடிந்ததும் சிர்ரா கொதிக்கிற கெட்டிலை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கன்று அவள் முழங்கால் உயரம் வந்திருந்தது. புதுத் துளிர் செம்பு நிறத்தில் மினுங்கியது. அடுத்த வாரம் ஹவாவுக்குப் பள்ளிப் பணம் கட்ட வேண்டும், வெங்காயம் பிடுங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கன்று செத்தால் பாத்தி உடனே போகும். பிழைத்தால் ஹவா கொஞ்ச தூரமாவது போவாள். என்ன செய்வாள்? நீங்களே சொல்லுங்கள். அவள் கன்றின் முன்னால் உட்கார்ந்தாள், தண்ணீர் ஆறும்வரை எழவில்லை. பிறகு ஆறிய தண்ணீரை அந்தக் கன்றுக்கே ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கெப்பா அன்று ராத்திரி, "அண்ணனை எதிர்த்து நான் எங்க போக, சிர்ரா?" என்றான்.

"உங்களை யாரு போகச் சொன்னா? போகப்போறவ நான்தானே," என்றாள் அவள்.

அவளுடைய கன்றுதான் எல்லாவற்றிலும் செழித்தது. ஆட்டுப்புழுக்கை வெங்காயத்துக்குப் போட்டால் பாதி மரத்துக்குப் போயிற்று. ஆபீசர் வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டிவந்து அவளை மரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தார். "சிரிங்க அக்கா" என்றார். சிரித்தாள். தலைநகரத்து ஆபீஸ் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறதாம், பெண்கள் முன்னேறிவிட்டதற்குச் சாட்சியாக.

நான்கு மழைக்காலம் போயிற்று. மரங்கள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. பாத்தியில் மதியத்துக்குக்கூட வெயில் விழவில்லை. வெங்காயம் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. சந்தையில் அதைப் பார்த்த லாரிக்காரன், "இதை என்ன, ஊறுகாய்க்கா கொண்டுவந்தே?" என்று கேட்டுவிட்டுப் போனான். கடைசி வகுப்புக்கு ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது ஹவா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று சிர்ராவுக்கு இருந்தது.

அன்சுமானா பெண்களைக் கூப்பிட்டுப் பதமாகவே பேசினார். "நிழல்ல என்னத்தைப் போட்டு விளையவைக்கப் போறீங்க? பாவம், ஏன் வீணா அலையணும்? மாங்கா சீசனுக்கு வாங்க, பறிக்கக் கூலி தர்றேன்."

"வேற இடம் குடுங்க, பெரியத்தான்," என்றாள் சிர்ரா.

ஆற்றோரத்தில் அலையாத்திக் காட்டை ஒட்டி அவருடைய வம்சத்து நிலம் இன்னும் கொஞ்சம் கிடந்தது, கோரைப்புல் மண்டிப் போய். "போய்த் தோண்டிக்குங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்றார்.

பெண்கள் மறுபடி மண்வெட்டியைத் தூக்கினார்கள். முதல் இரண்டு குழியிலும் ஆற்று உப்பு ஏறியிருந்தது, மூடிவிட்டார்கள். மூன்றாவது குழிக்குள் ஹவா இறங்கினாள். நியாரா மேலே உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள். ஆள் மறையும் ஆழத்தில் மண் குளிர்ந்தது, காலடியில் நீர் ஊறியது. ஹவா ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். குடித்தாள். இன்னொரு கை அள்ளினாள்.

"அம்மா! இனிக்குது! நல்ல தண்ணி!"

எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் கண்டால் பெண்கள் குலவையிடுவார்கள். ஊரே ஓடிவரும். அன்றைக்கும் வாய்கள் திறந்தன.

"வாயை மூடுங்கடி!" என்றாள் சிர்ரா.

யாரும் குலவையிடவில்லை. ஹவாவை மேலே தூக்கிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து அன்சுமானா சைக்கிளில் வரப்போரமாக வந்து காலை ஊன்றி நின்றார்.

"என்னம்மா, தண்ணி எப்படி?"

பெண்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உப்பு, பெரியத்தான்," என்றாள் சிர்ரா. "வாயில வைக்க முடியல."

"அடடா. கஷ்டந்தான்," என்று நிஜமாகவே வருத்தப்பட்டுவிட்டு அவர் சைக்கிளை மிதித்தார்.

அவர் முதுகு மறையும்வரை ஹவா பொறுத்திருந்தாள். தாடையில் இன்னும் ஈரம் இருந்தது.

"நாத்து பச்சை கட்டினா தெரிஞ்சிரும்ல, அம்மா?"

"தெரியும்," என்றாள் சிர்ரா. "அதுவரைக்கும் இது உப்புத் தண்ணி."